ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

அத்தியாயம் எட்டு

“அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் என் மேஜையில இருக்கணும் மேடம்,” என்றார் சுரேஷ்குமார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. “இன்னைக்கே கம்ப்ளெயின்ட்ல கையெழுத்துப் போட்டு போலீஸுக்கு அனுப்பிடணும். நாளைக்குத் தள்ள முடியாது. நாளைக்குத் தேதி சரியில்லை.”

தங்கபுஷ்பம் தலையாட்டினாள். அஷ்டமியோ நவமியோ, இருந்துவிட்டுப் போகட்டும். மணி இரண்டேகால். மெஷினில் நடந்ததெல்லாம் நேரத்தோடு பதிவாகும் லாக் காகிதங்களை இரண்டு நாளாகப் படித்துப் படித்துக் கண் எரிந்தது. வலது முழங்கால் தனியாக ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. தி.நகரில் அண்ணன்மாரின் பாத்திரக்கடையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். அதை விட்டு பதினெட்டு வருஷம் வங்கிகளின் கம்ப்யூட்டர் தணிக்கை, பிறகு ராயப்பேட்டையில் ஒரு மாடி அறை, வாசலில் ‘துப்பறியும் அலுவலகம்’ என்று ஒரு போர்டு. ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று அந்த வாரம் நாலைந்து தடவை தன்னையே கேட்டுக்கொண்டுவிட்டாள்.

“ஸ்ரீஹரிதான்னு உங்களுக்கே முடிவாத் தெரிஞ்சா, எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?” என்றாள் மெஹக். உதவியாளர். கால் சென்டரில் பத்து வருஷம் முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கியவள் என்பதால் முகம் தெரிந்தவர்களிடம் அவளுக்குப் பயமே கிடையாது.

“வெளியாள் ரிப்போர்ட் ஒண்ணு இருந்தா போலீஸுக்கு நல்லது,” என்றார் சுரேஷ்குமார். தென்கரை வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மொத்தத் தலைவர். மெஷின் அறைக்குள் அவர் கடைசியாகப் போனது ஆயுத பூஜைக்கு. “எதை நிரூபிக்கணும் இன்னும்? அவன் ஐ.டி., அவன் கன்சோல், அவன் போட்ட திட்டம். மாற்றுப் போர்ஷன் எட்டுல இருக்குன்னே எங்க யாருக்கும் தெரியாது. பேப்பர்ல 7ஏன்னு காமிச்சுட்டு, ரகசியமா எட்டுல வச்சிருக்கான். ஆறு வருஷமா! திருடறதுக்குத்தானே?”

வழக்கு இதுதான். மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. ஆனால் உள்ளே போர்ஷன் வீடு மாதிரி பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு போர்ஷனில் ஏ.டி.எம்., ஒன்றில் கடன் கணக்கு, ஒன்றில் சோதனை வேலை. வாடிக்கையாளரின் ரகசிய எண்ணைச் சரிபார்க்கும் சாவிகள் மட்டும் தனியாக, மெஷினுக்குள் செருகிய ஒரு கிரிப்டோ கார்டில். அந்தக் கார்டில் பூஜ்யம் முதல் பதினைந்து வரை நம்பரிட்ட பதினாறு அறைகள். அவர்கள் டொமைன் என்றார்கள். மெஹக் லாக்கர் என்றாள், அதுவே நிலைத்துவிட்டது. ஒரு போர்ஷனுக்கு ஒரு லாக்கர். ஒரே லாக்கரை ஒரே சமயத்தில் இரண்டு போர்ஷன் வைத்துக்கொள்ள மெஷின் விடாது. யாருக்கு எது என்று திட்டம் போட்டு, கன்சோல் என்கிற கட்டுப்பாட்டுத் திரையில் ஏற்றி, மூன்று மாதத்துக்கொரு முறை கையெழுத்திட்டுக் கொடுப்பது சுரேஷ்குமாருக்குக் கீழே இருந்த ஸ்ரீஹரியின் வேலை.

போன ஞாயிறு, ஏ.டி.எம். போர்ஷனைப் பராமரிப்புக்காக மூடிவிட்டு அதற்கு மாற்றான போர்ஷனைக் கிளப்பினார்கள். கிளம்பவில்லை. அதனுடைய எட்டாம் லாக்கரில், வெள்ளிக்கிழமை மாலை முளைத்த ஒரு சோதனைப் போர்ஷன் உட்கார்ந்திருந்தது. அதை எழுப்பி அனுப்பிவிட்டுப் பார்த்தால் லாக்கர் காலி, சாவிகள் துடைக்கப்பட்டிருந்தன. மூன்று அதிகாரிகள் ஆளுக்கொரு பங்காகச் சாவியைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஒருவர் நாகர்கோவிலில் கல்யாணப் பந்தியில் இருந்தார். மூடிய போர்ஷனைப் பாதிப் பராமரிப்பில் திறக்கவும் வழியில்லை. ஆறு மணி நேரம் தென்கரை வங்கியின் ஒரு ஏ.டி.எம். கார்டுகூட எங்கும் வேலை செய்யவில்லை. மெஹக்கின் பெரியம்மா ஜைதூன் பீ ராயப்பேட்டை மருந்துக்கடையில் இன்சுலின் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கோபம் மெஹக்குக்கு இன்னும் இருந்தது.

“அஞ்சு மணி,” என்று சுரேஷ்குமார் நான்காவது தடவை சொன்னபோது இருவரும் லிஃப்ட்டில் இருந்தார்கள்.

ஆட்டோ எல்டாம்ஸ் ரோட்டில் ஊர்ந்தது. மயிலாப்பூர் நெருங்க நெருங்க, மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்கள் வழியை வளைத்து வளைத்து விட்டன.

“இன்னாக்கா, தூங்கிட்டியா?”

“கண்ணை மூடி யோசிக்கிறேன்.”

“குறட்டை விட்டு யோசிக்கிறத இப்பத்தான் பாக்குறேன்.”

சித்திரக்குளம் பக்கம் ஒரு சந்தில் இறங்கினார்கள். ஃபைலில் ஸ்ரீஹரியின் முகவரி எண் எட்டு. சந்தில் ஆறு இருந்தது, ஏழு இருந்தது, ஒன்பது இருந்தது. எட்டைக் காணோம். மெஹக் இரண்டு தடவை போய் வந்தாள். தங்கபுஷ்பம் நிழல் தேடி, மூலையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த முனியம்மாளிடம் போய் நின்றாள்.

“எட்டா?” என்று முனியம்மாள் சிரித்தாள். “அந்த நம்பர நீ தேடிக்கினே கெடக்க வேண்டியதுதான் கண்ணு. ஹவுஸ் ஓனருக்கு எட்டு ஆவாது. பெயிண்ட் அடிச்சு 7ஏன்னு எயிதிட்டாரு. புதுசா வர்ற போஸ்ட்மேனெல்லாம் உன்ன மாரியேதான் அலைவாங்கோ. வூடு அங்கியேதான் கீது. நம்பருதான் இல்ல.”

தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், பச்சைக் கேட்டில் வெள்ளை எழுத்தில் 7ஏ. களைப்பு கொஞ்சம் விலகி நின்ற மாதிரி இருந்தது.

“மெஹக், அந்தத் திட்டப் பேப்பரை எடு. எத்தனை வரி?”

மெஹக் விரல் வைத்து எண்ணினாள். “பூஜ்யத்துலேருந்து ஏழு வரைக்கும். அப்புறம் 7ஏ. அப்புறம் ஒன்பதுலேருந்து பதினஞ்சு. மொத்தம் பதினாறு.”

“கார்டுல எத்தனை லாக்கர்?”

“பதினாறு.” மெஹக் நிமிர்ந்தாள். “எல்லாமே ஆள் குடியிருக்கிற லாக்கரு. டு-லெட் போர்டே கிடையாது. அப்ப வெள்ளிக்கிழமை வந்தவன் எதைப் பாத்து உள்ள பூந்தான்?”

“அதைக் கேட்கத்தான் போறோம்.”

கதவைத் திறந்தது ஸ்ரீஹரியின் மனைவி ஜெயஸ்ரீ. இரண்டு நாளாகத் தூங்காத முகம். உள்ளே, ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்ரீஹரி உட்கார்ந்திருந்தார். சஸ்பெண்ட் ஆகி இரண்டு நாள் ஆகியும் சட்டையை இன் பண்ணி, பெல்ட் போட்டு, ஆஃபீஸ் போகிற கோலம். அதைப் பார்க்கத் தங்கபுஷ்பத்துக்குச் சங்கடமாக இருந்தது.

“நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை,” என்றார் அவர். “எல்லாம் லாக்ல இருக்கு.”

“லாக் படிச்சாச்சு சார்,” என்றாள் தங்கபுஷ்பம். “வெள்ளிக்கிழமை ஆறு நாற்பதுக்கு சோதனைப் போர்ஷன் எட்டுல ஏறுது. ஆறு ஐம்பத்திரண்டுக்கு சாவியெல்லாம் துடைக்கப்படுது. நடுவுல பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துல அந்தச் சாவியை வச்சு ஒரு வேலைகூட நடக்கலை. காப்பி எடுத்திருக்கலாமா?”

ஸ்ரீஹரியின் முகத்தில் அத்தனை துக்கத்துக்கு நடுவிலும் தொழில் கர்வம் எட்டிப் பார்த்தது. “கார்டுக்குள்ள போன சாவி வெளியில வராது மேடம். உள்ளேயே வச்சுண்டு உபயோகிக்கலாம், இல்லேன்னா அழிக்கலாம். மூணாவது வழி கிடையாது.”

“அப்போ திருட வந்தவன் பீரோவைத் திறந்து, நகையை அள்ளிச் சாக்கடையில கொட்டிட்டுப் போயிருக்கான்,” என்றாள் மெஹக். “ரொம்ப நல்ல திருடன் சார்.”

“திருடனே இல்லை,” என்றாள் தங்கபுஷ்பம். “உள்ளே இருந்ததைப் பழைய குப்பைன்னு நினைச்சிருக்கான். எட்டு காலின்னு மனசார நம்பின ஆள். உங்களுக்கு அது காலி இல்லேன்னு தெரியும். உங்க டீமுக்கும் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க சார், மெஷின்ல 7ஏ எங்க இருக்கு?”

ஸ்ரீஹரி ஃபிரிட்ஜ் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சமையலறை வாசலில் காபி டபராவோடு நின்ற ஜெயஸ்ரீ, “ஏன்னா, சொல்லிடுங்கோளேன்,” என்றாள். அழவில்லை. அழுது முடித்த குரல்.

“அப்படி ஒண்ணு கிடையாது,” என்றார் ஸ்ரீஹரி. “7ஏ எட்டுதான். டீம்ல எல்லாருக்கும் தெரியும்.”

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆறு வருஷம் முன்பு சுரேஷ்குமார் தலைவராக வந்த முதல் வாரம், திட்டத்தில் எட்டைப் பார்த்து, “இந்த நம்பர்ல என் பேங்க்கோட சாவி இருக்கக் கூடாது, எடுங்க” என்றார். பதினாறில் ஒன்றை வீணாக்க முடியாது, வேறு லாக்கரும் இல்லை. ஸ்ரீஹரி எவ்வளவோ விளக்கினார். அவர் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கேட்டில் ஈரம் காயாமல் புதுப் பெயிண்ட். மறுநாள் பேப்பரில் எட்டை அடித்து 7ஏ என்று எழுதிக் கொடுத்தார். சுரேஷ்குமாருக்குப் பரம திருப்தி.

“உங்க ஐ.டி.?”

“கன்சோலை மூடினா, மறுபடி நுழைய ரெண்டு பேர் ஒப்புதல் வேணும். அதனால ஷிஃப்ட் முழுக்க என் பேர்லயே திறந்து கிடக்கும். அதுவும் என் தப்புதான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வியாழக்கிழமை ராகேஷ் வந்து கேட்டார். டெஸ்டிங் கான்ட்ராக்ட்காரர், வந்து நாலு மாசம்தான் ஆறது. சோதனைக்கு ஒரு லாக்கர் வேணும்னார். மார்ச் வரைக்கும் இல்லைன்னேன்.”

“இதையெல்லாம் ஏன் சார் அங்க சொல்லலை?”

“வருஷத்துக்கு நாலு. ஆறு வருஷம். ‘மேற்கண்ட ஒதுக்கீடு சரியானது’ன்னு இருபத்துநாலு காயிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன், இல்லாத லாக்கருக்கு. சொன்னவர் வாயால சொன்னார், எழுதினது நான். என்னைத் திருடன்னு சொன்னா அது பொய்னு நேக்குத் தெரியும். பொய்க் கையெழுத்துக்காரன்னு சொன்னா அது நிஜம் மேடம். அதான் வாயைத் திறக்கலை.”

இந்த மாதிரி ஆட்களைத் தங்கபுஷ்பம் பதினெட்டு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். மேலே இருப்பவரின் மனம் கோணாமல் இருக்க ஒரு சின்னப் பொய். அதற்கு நாலு பக்கமும் சுவர் எழுப்பி உண்மையாக உழைப்பார்கள். கோபப்படவும் முடிவதில்லை, விட்டுவிடவும் முடிவதில்லை. அவளுக்கு அலுப்பாக இருந்தது.

கேட் வரை ஜெயஸ்ரீ கூடவே வந்தாள். “அவர் திருடலைன்னு மட்டும் எழுதிடுங்கோ மேடம். மத்தது எப்படியோ போகட்டும்.”

தங்கபுஷ்பம் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆட்டோவில் மெஹக் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். மூக்கு நுனியில் வியர்வை. “ராகேஷ்தான். நேரா போய் சட்டையைப் புடிச்சா கொட்டிடுவான்.”

“ராகேஷ் கைதான். ஆனா யோசி. வந்து நாலு மாசம். பேப்பர்ல எட்டுன்னு ஒரு வரியே இல்லை. காலின்னும் இல்லை, இருக்குன்னும் இல்லை. இல்லாத நம்பரைத் தேடி அவன் ஏன் போகணும்? எட்டை ஒதுக்கி வச்சிருக்காங்க, அதனால அது சும்மா கிடக்கும்னு யாரோ சொல்லியிருக்கணும். டீம்ல எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். அவங்களுக்கு 7ஏ என்னன்னு தெரியும். 7ஏன்னு நிஜமாவே ஒரு லாக்கர் இருக்குன்னு நம்புற ஆள் ஒருத்தர்தான். இன்னைக்கு என்ன தேதி?”

“ஏழு.” மெஹக் ஃபோனைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். “அட! நாளைக்குத் தேதி சரியில்லைன்னாரே. நாளைக்கு எட்டு, அக்கா!”

“ரிப்போர்ட்டை அடி. ஒரு பக்கத்துக்குள்ள அடி. ஒப்பந்தப்படி தணிக்கைப் பிரிவுக்கும் ஒரு காப்பி போகணும், ஞாபகம் இருக்கட்டும்.”

நாலு ஐம்பதுக்கு சுரேஷ்குமாரின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ராகேஷை மெஹக்தான் மூன்றாம் மாடியிலிருந்து கூட்டி வந்தாள். முப்பது வயது, கழுத்தில் கான்ட்ராக்ட்காரர்களுக்கான மஞ்சள் பட்டை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“இவர் எதுக்கு?” என்றார் சுரேஷ்குமார்.

“சாட்சிக் கையெழுத்துக்கு சார்,” என்றாள் தங்கபுஷ்பம். “ரிப்போர்ட் இந்தக் கவர்ல இருக்கு. பெற்றுக்கொண்டேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

சுரேஷ்குமார் பேனாவை எடுத்தார். ரசீதைப் படித்தார். பேனா நின்றது. “என்னம்மா இது, எட்டாம் தேதின்னு அடிச்சிருக்கீங்க? இன்னைக்கு ஏழு.”

“அய்யோ, நாளைக்கு ஃபைல் பண்றதால நாளைத் தேதி போட்டுட்டேன் சார்,” என்றாள் மெஹக், பச்சைக் குழந்தை போல. “பரவால்ல, ஒரு நாள்தானே. போட்டுடுங்க.”

“ஒரு நாளோ ஒரு நிமிஷமோ, எட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” எட்டை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். “எனக்கு ஆகாத நம்பர். இந்த பில்டிங்குக்கே தெரியும்.”

“பில்டிங்குக்கே தெரியும்,” என்றாள் தங்கபுஷ்பம். “எனக்கு மட்டும் நீங்க சொல்லலை. ஸ்ரீஹரி ரகசியமா எட்டுல வச்சார்னு சொன்னீங்க. எட்டைப் பேப்பர்லேருந்து எடுக்கச் சொன்னது நீங்கன்னு சொல்லலை.”

சுரேஷ்குமார் பேனாவை மூடி வைத்தார். தங்கபுஷ்பம் ராகேஷ் பக்கம் திரும்பினாள். அதட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். “தம்பி, நீங்க செஞ்சீங்களான்னு நான் கேட்கலை. எட்டு காலின்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

ராகேஷின் பார்வை சுரேஷ்குமாரிடம் போய், தரைக்கு வந்தது.

“ராகேஷ், நீ எதுவும் பேச வேண்டியதில்லை,” என்றார் சுரேஷ்குமார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவனை உடைத்தது. “நான் ரெண்டு தடவை ஃபோன் பண்ணினேன் மேடம். சோதனை திங்கட்கிழமை தொடங்கியாகணும்னு சேர்மன்கிட்ட சார் சொல்லிட்டாராம். ‘எட்டு காலியாத்தான் கிடக்கு, நான்தான் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு வச்சிருக்கேன், கன்சோல் திறந்துதான் இருக்கும், போட்டுக்கோ’ன்னார். போட்டேன். உள்ளே சாவி இருக்குன்னு காட்டிச்சு. மறுபடி பண்ணினேன். ‘பழசு ஏதாவது இருக்கும், துடைச்சுடு’ன்னார். ரெண்டு காலும் என் ஃபோன்ல இருக்கு.”

“டெஸ்ட்தானேய்யா!” சுரேஷ்குமாரின் குரல் கிரீச்சிட்டது. “டெஸ்டுக்கு என்ன ராசி வேண்டிக்கிடக்கு! அதான் எட்டைக் குடுத்தேன். நிஜ சாவி அங்க இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? 7ஏன்னுதானே அவன் எழுதிக் குடுத்தான்!”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். அவர் திருடனும் இல்லை, வில்லனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்ன என்று அன்றைக்கே புரிந்துபோய், பயந்து, கையருகில் இருந்த ஆளைப் பிடித்துக் கொடுத்த மனிதர். தங்கபுஷ்பத்துக்கு அவரைப் பார்த்தும் கொஞ்சம் பாவமாக இருந்தது, அது அவளுக்கே பிடிக்கவில்லை.

“இந்த ரிப்போர்ட் எனக்குக் குடுத்ததாகவே இருக்கட்டும்,” என்றார் அவர், கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. “வெளியில வேண்டாம்.”

“தணிக்கைப் பிரிவுக்கு மெயில் போயாச்சு சார்,” என்றாள் மெஹக். “நாலு நாற்பத்தெட்டுக்கு. அதுலயும் எட்டு இருக்கு, மன்னிச்சுக்குங்க.”

கீழே, தேனாம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் வெயில் சாய்ந்திருந்தது. ஷேர் ஆட்டோக்கள் கத்திக்கொண்டு போயின. தங்கபுஷ்பம் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டு ஸ்ரீஹரிக்கு ஃபோன் போட்டாள்.

“போலீஸ் கம்ப்ளெயின்ட் இல்லை சார். இனிமே உங்களை யாரும் திருடன்னு சொல்ல மாட்டாங்க. வீட்டம்மாகிட்ட முதல்ல அதைச் சொல்லிடுங்க.”

மறுமுனையில் அவர் ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டு அதைச் சொல்வது கேட்டது.

“இன்னொண்ணும் இருக்கு. இருபத்துநாலு கையெழுத்தையும் எழுதியிருக்கேன். அதை மறைச்சா ரிப்போர்ட்டே நிக்காது. விசாரணை வரும். வேலை என்னாகும்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சுடுங்கன்னு சொல்றதுக்கும் எனக்குத் தோணலை.”

தங்கபுஷ்பம் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“மேடம்,” என்றார் ஸ்ரீஹரி. “ரிப்போர்ட்ல அந்த லாக்கரை என்னன்னு போட்டிருக்கேள்?”

“உங்க திட்டத்துல இருக்கிறபடி. ஒதுக்கீட்டுப் பட்டியல்ல 7ஏ.”

“அதை எட்டுன்னு எழுதிடுங்கோ. நான் போட்ட திட்டத்துல ஒரு காயிதமாவது சரியா இருக்கட்டும்.”

“மெயில்ல போனது போனதுதான்க்கா,” என்றாள் மெஹக். தங்கபுஷ்பம் பையிலிருந்து தன் பிரதியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்து, ஒதுக்கீட்டுப் பட்டியலின் ஒன்பதாவது வரியில் 7ஏ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 8 என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.